35 கிராமில் நின்றுபோன கடைக்குட்டி

நேற்று மாலை அது பறந்து போய் பீரோவின் மேல் உட்கார்ந்துகொண்டது. இறங்கத் தெரியாமல் கால் மணி நேரம் கத்தித் தீர்த்தது. நாற்காலி போட்டு ஏறித்தான் எடுத்தேன். நான்காவது முட்டையில் வந்த காக்டெயில் குஞ்சு இது; காக்டெயில் என்பது கொண்டை வைத்த ஒரு சின்னக் கிளி வகை. இருபது நாள் முன்பு, இது தேறாது என்று மனத்துக்குள் கணக்கை முடித்துவிட்டிருந்தேன். இன்று காலை எடை 78.4 கிராம், வயது 37 நாள். ஐந்து நாள் முன்பு 83.9 இருந்தது. குறைந்துதான் இருக்கிறது, ஆனால் நான் நன்றாகத் தூங்குகிறேன். அன்று தராசில் ஒரு கிராம் குறைந்ததற்கு விடிய விடிய விழித்துக் கிடந்தவன் நான்.

கையால் ஊட்டி வளர்ப்பது எனக்கு இது மூன்றாவது முறை. முன்பு வளர்த்த இரண்டும் ஒரு சிக்கலும் தராமல் வளர்ந்தன. அதை என் கைராசி என்று நினைத்து மற்றவர்களுக்கு ஆலோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த முறை கூட்டிலிருந்து குஞ்சை எடுக்கும் எண்ணமே இல்லை. மூத்த மூன்றுக்கும் தீனிப்பை, அதாவது தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை, பலூன் மாதிரி உப்பியிருக்க, இதற்கு மட்டும் தோல் சுருங்கிக் கிடந்தது. அண்ணன்களின் காலடியில் மிதிபட்டுக்கொண்டிருந்ததைப் பன்னிரண்டாம் நாள் எடுத்து, குஞ்சுக்குச் சூடு தரும் புரூடர் பெட்டியில் வைத்தேன். 31 கிராம். மூத்தவை அந்த வயதில் 40ஐத் தாண்டியிருந்தன. பரவாயில்லை, ஊட்டினால் இரண்டே நாளில் எட்டிப் பிடித்துவிடும் என்று நினைத்தேன்.

13ஆம் நாள் 33. 14ஆம் நாள் 36. 15லும் 36. 16இல் 35. 17லும் 35. அந்த வயதுக் குஞ்சு தினமும் மூன்று நான்கு கிராமாவது ஏற வேண்டும். இறகு முளைக்கும் நேரம். உடம்பு தின்பதெல்லாம் அங்கேதான் போகும்.

முதலில் தராசின் மேல் பழி போட்டேன். சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 35 கிராம் குஞ்சுக்கு ஒரு கிராம் என்பது நூற்றுக்கு மூன்று. அதில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, புள்ளி ஒன்று வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல்லுக்கு எங்கே போவது? 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். தேய்மானம் இல்லாததாகப் பார்த்து ஐந்து நாணயங்களை அடுக்கினால் 30 வர வேண்டும். வந்தது. இன்றும் வாரத்துக்கு ஒருமுறை அந்த ஐந்தையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். பேட்டரி இறங்கும்போது எண் மெல்ல நழுவுவதை இப்படித்தான் ஒருமுறை பிடித்தேன்.

வெறும் தட்டில் குஞ்சை வைக்காதீர்கள். சில்லென்று இருக்கும், வழுக்கும், குஞ்சு கால்களை விரித்துக்கொண்டு துடிக்கும், எண் ஓடிக்கொண்டே இருக்கும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மெல்லிய துணி போட்டு, பூஜ்யமாக்கிவிட்டு உள்ளே விடுங்கள். இருட்டாக இருந்தால் இன்னும் அடங்கும். விடியற்காலை, முதல் ஊட்டலுக்கு முன்பு, முடிந்தால் எச்சம் போட்ட பிறகு. ஒரு எச்சம் ஒரு கிராம்கூட இருக்கும். ஒரு நாள் எச்சத்துக்கு முன்னும் மறுநாள் பின்னும் எடுத்தால் அந்தக் கணக்கைக் குப்பையில்தான் போட வேண்டும். அம்மா ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “உன்னை வளர்த்தபோதுகூட நான் இத்தனை முறை எடை பார்த்ததில்லை” என்றார்.

புதுத் தராசும் 35.1 என்றது. ஆக, தராசு குற்றமற்றது.

அடுத்து, வெந்நீரில் கஞ்சியாகக் கரைத்து ஊட்டும் குஞ்சுத் தீனி மாவு. பையைப் பிரித்த முதல் வாரம் என்பதால் அதன் மேலும் சந்தேகம் வந்தது. போன முறை ஒரு கடையில் பெரிய மூட்டையிலிருந்து பிரித்து பிளாஸ்டிக் உறையில் கட்டித் தந்ததை வாங்கியிருந்தேன். தேதியும் இல்லை, பெயரும் இல்லை, முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை. கேட்டதற்கு, குழந்தைகளுக்குக் கொடுக்கும் டப்பா உணவைக் கரைத்துக் கொடுத்தாலே போதும் சார் என்றார் கடைக்காரர். அதிலிருந்து முத்திரை பிரிக்காத பைதான், மீதியைக் காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பெட்டியில்தான் வைக்கிறேன். மாவிலும் குற்றமில்லை.

18ஆம் நாள் காலை ஆறு மணிக்குத்தான் அதைக் கவனித்தேன், ஐந்து நாளாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டதை. இரவு பத்து மணிக்கு ஊட்டியது, எட்டு மணி நேரம் கழித்தும் தீனிப்பையில் மிச்சம் இருந்தது. சுண்டைக்காய் அளவு, விரலால் தொட்டால் பிசைந்த மாவு மாதிரி. ஒரு நாளில் ஒருமுறையாவது அது முழுக்கக் காலியாக வேண்டும். இரவு இடைவெளி அதற்குத்தான். அதாவது, நான் எழுதி வைத்த 35இல் ஒரு கிராமுக்கு மேல் நேற்றைய கஞ்சி. குஞ்சின் உண்மையான எடை 34கூட இல்லை. தராசு பொய் சொல்லவில்லை, நான்தான் கஞ்சியையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன்.

ஏன் செரிக்கவில்லை? புரூடரில் 31 டிகிரி, சரியாக இருந்தது. குஞ்சு இறக்கையை விரித்து மூச்சு வாங்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. மாவு கரைக்கும்போது 41 டிகிரி. வெப்பமானி வைத்துப் பார்த்தே கரைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமையில்தான் ஓட்டை. சமையலறையில் 41. அங்கிருந்து அறைக்கு வந்து, துண்டை விரித்து, குஞ்சை எடுத்து, முதல் சிரிஞ்சை நிரப்பும்போது எவ்வளவு? ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்: 38. இது ஒரே வாயில் தின்னாது. பாதி தின்றுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி தலையை ஆட்டிக் கேட்கும். அந்த இரண்டாவது சிரிஞ்சில் 34. மார்கழி, மழை வேறு. எவர்சில்வர் டம்ளர் சூட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 34ம் வெதுவெதுப்பாகத்தான் தெரிகிறது, நம் தோலின் சூடே அவ்வளவுதானே. முந்தைய இரண்டு குஞ்சுகளும் சித்திரை வெயிலில் பிறந்தவை. என் கைராசியின் ரகசியம் அதுதான்.

ஆறிப்போன கஞ்சி தீனிப்பையில் தேங்கும், தேங்கினால் புளிக்கும், புளித்தால் பூஞ்சை. அன்றே மருத்துவரிடம் ஓடினேன். நாய் பூனை பார்ப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். 35 கிராம் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்க ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் தீனிப்பையிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை தொடங்கியிருந்தது. நிஸ்டாட்டின் சொட்டு மருந்து, ஊட்டுவதற்கு முன்பு. அளவை இங்கே எழுத மாட்டேன். இந்த எடையில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் கணக்கு வேறு, மருத்துவரிடமே கேளுங்கள். தீனிப்பை முழுக்க வற்றும் வரை அடுத்த வேளை கொடுக்க வேண்டாம், மாவைக் கொஞ்ச நாள் நீர்க்கக் கரையுங்கள், ஒரு வேளைக்கு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார். நான் ஆசையில் ஐந்து மில்லி ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றரை போதுமாம்.

சூட்டைப் பிடித்து வைக்க மூன்று முறை தோற்றேன். கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் அடியில் 45க்கு ஏறிவிடுகிறது. அது தீனிப்பையையே சுட்டுவிடும், ஆறிப்போனதைவிட மோசம். மைக்ரோவேவ் பற்றிப் பேச்சே வேண்டாம், மேலே வெதுவெதுப்பு, நடுவில் கொதிப்பு. துணி சுற்றிய டம்ளர் எதற்கும் உதவவில்லை. கடைசியில் இட்லிக்கு வாங்கிய ஹாட்பாக்ஸில் 42 டிகிரி வெந்நீர் ஊற்றி, அதில் சின்ன கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி, குஞ்சுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். தண்ணீரே 42 என்பதால் கஞ்சி அதற்கு மேல் போக வழியில்லை. ஒவ்வொரு சிரிஞ்சுக்கு முன்பும் கலக்கிவிட்டு வெப்பமானி: 39க்குக் கீழே போனால் நிறுத்து, 41ஐத் தாண்டினால் காத்திரு. இரண்டாவது சிரிஞ்சையும் வெந்நீரில் நனைத்துத் தயாராக வைக்க வேண்டும். குளிர்ந்த சிரிஞ்சே ஒரு டிகிரி தின்றுவிடுகிறது. வீட்டில் இப்போது இட்லி ஆறித்தான் வருகிறது.

சிரிஞ்சு என்றதும் ஒன்று. ரப்பர் இறுகிவிட்டால் எண்ணெய் தடவிப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். சிக்கிய பிஸ்டன் திடீரென்று வழுக்கிப் பாய்ந்தால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மருந்துக்கடையில் ஊசியில்லாமல் இருபது சிரிஞ்சு கேட்டபோது கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கிளிக்குஞ்சின் படத்தைக் காட்டிய பிறகுதான் எடுத்துக் கொடுத்தான்.

19ஆம் நாள் 34.6, ஆனால் தீனிப்பை காலி. அந்த வாரத்தில் நான் பார்த்த மிக அழகான எண் அதுதான். 20இல் 37.2, 21இல் 41, 24இல் 53. முள் இறகுகள் உறை உதிர்ந்து விரிந்தன. ஒரு மாதத்தில் 80ஐத் தொட்டது. கால்விரல்கள் சதைப்பிடித்தன, அதற்கு முன்பு உடம்புக்குத் தலை பெரிதாகத் தெரிந்ததை இப்போது படங்களில் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

இப்போது குறைவது வேறு கதை. பறக்கத் தொடங்குமுன் காக்டெயில் தானாகவே பத்து, பதினைந்து சதவீதம் இளைக்கும்; கனத்த உடம்போடு எப்படி மேலே எழும்பும்? தீனிப்பை காலியாகிறது, எச்சம் ஒழுங்காக இருக்கிறது, தடவிப் பார்த்தால் மார்பெலும்பின் இரு பக்கமும் சதை இருக்கிறது, கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். அவர் மனைவி, பச்சைக்கிளியாக இருந்தால் பேசுமே என்று கேட்டார். அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருவது, வீட்டில் வைத்தால் குற்றம் என்றேன். நம்பவில்லை.

அடுத்து சன் கானூர் என்ற மஞ்சள் கிளியில் ஒரு ஜோடிக்கு ஆசை. காக்டெயில் போல் அல்ல, அது சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர்களிடம் காகிதம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். காகிதம் தருகிறவர் கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறேன். கூண்டு மட்டும் வாங்கிவிட்டேன்.

அதற்குள் இதைத் தானாகத் தின்ன வைக்க வேண்டும். பகல் வேளைகளில் ஒன்றை நிறுத்தியாகிவிட்டது. தினைக் கதிரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பாதியை உரித்துத் தரையில் இறைக்கிறது, எத்தனை தினை மணி உள்ளே போகிறது என்று தெரியவில்லை. இரவுக் கஞ்சியை மட்டும் விட மறுக்கிறது. பத்து மணி அடித்தால் ஹாட்பாக்ஸின் மூடிமேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.