நூலில் தொங்கும் கரண்டி

ஒலி திடப்பொருள் வழியே செல்வதைக் காட்ட ஓர் எவர்சில்வர் கரண்டியும் ஒரு மீட்டர் முறுக்கு நூலும் போதும். நூலின் நடுவில் சுருக்குப் போட்டுக் கரண்டிக் காம்பில் இறுக்குங்கள். இரு முனைகளையும் இரண்டு ஆட்காட்டி விரல்களிலும் இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். மாணவர் முன்னால் குனிந்து கரண்டியைத் தொங்கவிட, பக்கத்தில் நிற்பவர் இன்னொரு கரண்டியால் மெல்லத் தட்டட்டும்.

முதல் தட்டு, விரலைக் காதில் வைக்காமல். 'டிங்' என்று சன்னமாகக் கேட்டு அடங்கும். அடுத்ததற்கு விரல் நுனியைக் காதின் வாயில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே திணிக்கவே கூடாது. இப்போது கோயில் மணி போல 'டோ...ங்' என்று கனத்த நாதம் எழுந்து, சில நொடிகள் நின்று கரையும்.

தட்டிய கரண்டி ஒரே சமயத்தில் பல சுருதிகளில் அதிர்கிறது. சின்னப் பரப்பு என்பதால் கீழ்ச்சுருதியில் அதனால் காற்றைச் சரியாகத் தள்ள முடியாது. முன்பக்கம் தள்ளும் காற்று பின்பக்கம் வழுக்கிப் போய்விடும். நூலோ அந்த அதிர்வை வாங்கி நேரே விரலுக்கும் காதுக்கும் கொண்டுவருகிறது. தஞ்சாவூர் வீணையைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். தந்தி மட்டும் முனகத்தான் செய்யும். தந்தியைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டை வழியாக அதிர்வு பலாமரக் குடத்துக்கு இறங்கி, அகலமான பலகை காற்றை அசைத்த பிறகே சபைக்குக் கேட்கிறது.

சரியாகக் கேட்கவில்லை என்றால் முதலில் நூலைப் பாருங்கள். சட்டையிலோ முழங்கையிலோ பட்டிருக்கும். கம்பளி நூலும் ரப்பர் பேண்டும் அதிர்வைத் தின்றுவிடும். தூண்டில் நரம்பு நன்றாக வேலை செய்யும், ஆனால் விரலை அறுக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நூல் விறைப்பாக நிற்கக் கரண்டியில் கொஞ்சம் கனமும் வேண்டும்.

விட்டுவிடக் கூடாத ஒரு படி உண்டு. நாதம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க நூலை இன்னொருவர் இரு விரலால் இறுக்கிப் பிடிக்கட்டும். அந்தக் காதில் மட்டும் ஒலி அறுந்துபோகும். ஒலி வந்த வழி நூல்தான் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

இந்தச் சோதனையை முடித்ததும் "ஆகவே திடப்பொருளில் ஒலி வேகமாகச் செல்கிறது" என்று கரும்பலகையில் எழுதுவது பல வகுப்புகளில் நடக்கிறது. வாக்கியம் பெரும்பாலான திடப்பொருள்களுக்குச் சரிதான், ஆனால் கரண்டி காட்டியது அதையல்ல. அது காட்டியது, அதிர்வு வீணாகாமல் வந்து சேர்வதை. வேகம் வேறு, உரப்பு வேறு. அரை மீட்டர் நூலில் நேர வித்தியாசத்தைக் காதால் பிரித்தறிய முடியாது. 1808-இல் பாரிஸில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியோ அதை அளக்க 951 மீட்டர் இரும்புக் குழாய் தேவைப்பட்டது. குழாய் வழி வந்த ஒலிக்கும் காற்று வழி வந்த ஒலிக்கும் இடையே சுமார் இரண்டரை நொடி இருந்தது.

வேகத்தை நம் ஊர்க் கணக்காகவே கொடுக்கலாம். கல்லணையின் நீளம் ஏறத்தாழ 329 மீட்டர். 30 டிகிரி வெயிலில் காற்றில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும், எஃகுக் கம்பியில் சுமார் 5000. அணை நீளத்துக்கு ஒரு கம்பியைப் போட்டு ஒரு முனையில் தட்டினால், மறுமுனையில் காற்று வழி வரும் இரண்டாவது ஒலி, கம்பி வழி வரும் முதல் ஒலிக்கு எவ்வளவு நேரம் பின்னால் கேட்கும்? விடை 0.9 நொடிக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும்.