கடைசியாக எங்கே இடப்பக்கம் திரும்பினோம்?

வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் நான் விரும்பிக் கேட்கிற கேள்வி இது: பைனரி சர்ச் ட்ரீயில் ஒரு நோடைக் கொடுத்தால், ஏறுவரிசையில் அதற்கு அடுத்த நோடு எது? (ஒவ்வொரு நோடிலும், அதாவது கணுவிலும், ஒரு எண் இருக்கும்; அதன் இடப்பக்கம் அதைவிடச் சின்ன எண்களும் வலப்பக்கம் பெரிய எண்களும் தொங்கும் மரம் அது.) பாதிப் பேர் இதை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருகிறார்கள். பரவாயில்லை. அந்த மனப்பாடம் எந்த இடத்தில் உதவாமல் போகிறது என்று பார்ப்பதில்தான் சுவாரஸ்யமே.

பெரும்பாலும் முதலில் வரும் பதில், மரம் முழுவதையும் இன்ஆர்டரில், அதாவது சிறியதிலிருந்து பெரியது வரை, சுற்றிவந்து ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) கொட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பதை எடுப்பது. விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஒரே ஒரு எண்ணுக்காகப் பத்து லட்சம் நோடுகளையும் தொட்டுவிட்டு வருவதென்றால், அப்புறம் மரம் எதற்கு? ஒரு பக்கமாகச் சாய்ந்து வளராமல் தன்னைத்தானே சமன்படுத்திக்கொள்ளும் ரெட் பிளாக் மரமாக இருந்தால் பத்து லட்சம் நோடுகளுக்கும் உயரம் 40-ஐத் தாண்டாது. அந்த உயரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

ஒரு மரத்தை வைத்துக்கொள்வோம். உச்சியில் 50. அதன் இடது 30, வலது 70. 30-க்குக் கீழே 20, 40. 40-க்குக் கீழே 35, 45.

30-க்கு அடுத்தது எது? அதற்கு வலப்பக்கம் பிள்ளை இருக்கிறது. 40-க்குப் போய், அங்கிருந்து இடப்பக்கமாகவே இறங்கினால் 35. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். 45-க்கு? வலப்பக்கம் ஒன்றுமில்லை, மேலே ஏற வேண்டியதுதான். 45 அதன் பேரன்டான 40-க்கு வலது பிள்ளை, அப்படியென்றால் 40 சின்னது, விடு. 40-உம் 30-க்கு வலது பிள்ளை, அதையும் விடு. 30 மட்டும் 50-க்கு இடது பிள்ளை. விடை 50.

"சரி, மேலே இருக்கும் நோடைக் காட்டும் பேரன்ட் பாயின்டர் கிடையாது, ரூட், அதாவது உச்சி நோடு, மட்டும்தான் கையில் இருக்கிறது" என்று நான் சொன்னதும் முகம் மாறும். சிலர் வந்த வழியை ஸ்டாக்கில் (கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்கும் அடுக்கில்) போட்டுவைக்கலாம் என்பார்கள். செய்யலாம்தான், ஆனால் ஒரே ஒரு வேரியபிள் போதும். ரூட்டிலிருந்து இறங்குங்கள். நிற்கிற நோடு நம் எண்ணைவிடப் பெரியதா? அதைக் குறித்துக்கொண்டு இடப்பக்கம் போங்கள். சின்னதா, சமமா? எதையும் குறிக்காமல் வலப்பக்கம் போங்கள். கீழே நல், அதாவது நோடே இல்லாத வெற்றிடம், வந்ததும், கடைசியாகக் குறித்தது எதுவோ அதுவே விடை.

45-க்குப் போட்டுப் பாருங்கள். 50-ஐக் குறித்து இடது, 30, 40, 45 மூன்றிலும் வலது, நல். விடை 50. இப்போது 30-க்கு. 50-ஐக் குறித்து இடது, 30 சமம், வலது, 40-ஐக் குறித்து இடது, 35-ஐக் குறித்து இடது, நல். விடை 35. வலப்பக்கம் பிள்ளை உண்டா இல்லையா என்று தனித்தனியாகப் பிரிக்கவே இல்லை. 'சமமானால் வலது' என்ற ஒன்று இரண்டையும் சேர்த்துவிடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். கேட்ட எண் மரத்தில் இல்லாவிட்டாலும் கவலையில்லை: 42-ஐக் கொடுத்தால் 45 வரும்.

ஒரே மதிப்பு இரண்டு நோடுகளில் இருந்தால் மட்டும் உஷார். இந்த வழி கண்டிப்பாகப் பெரிய எண்ணுக்குத் தாவிவிடும். பாயின்டர் பிடித்து ஏறுகிற வழி சம மதிப்புள்ள அடுத்த நோடில் நிற்கும். எது வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறவரை எனக்கு அப்போதே பிடித்துவிடும்.

மரம் முழுவதையும் வரிசையாகப் படிக்க ஏறி இறங்கும் வழிதான் நல்லது. சிறியதிலிருந்து பெரியது வரை போனால் ஒவ்வொரு கிளையிலும் அதிகபட்சம் ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறுவோம். n நோடுகளுக்கு மொத்தமே 2(n-1) அடிக்குள் முடியும். ஒவ்வொரு முறையும் ரூட்டிலிருந்து கிளம்பினால் இந்தச் சலுகை கிடையாது.

ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ நூலகத்தில், வரிசைப்படி சேமித்துவைக்கும் மேப்பின் இட்டரேட்டரை (அதை ஒவ்வொன்றாகப் படிக்க உதவும் சுட்டியை) ஒரு அடி நகர்த்துவதும் இந்த ஏறி இறங்கும் வழியில்தான். அதன் கடைசியில் விநோதமான ஒரு 'இஃப்' இருக்கும். வரிசை முடிந்ததைக் காட்ட ரூட்டுக்கு மேலே ஒரு பொய் நோடு வைத்திருக்கிறார்கள். அதன் வலது பாயின்டர் மரத்தின் மிகப்பெரிய நோடைக் காட்டும். ரூட்டுக்கு வலப்பக்கமே இல்லையென்றால் ரூட்தான் மிகப்பெரியது. அப்போது பொய் நோடுக்கு ரூட் வலது பிள்ளை போலத் தெரிந்து, ஏறுகிற லூப் ஒரு படி கூடுதலாகப் போய்விடும். அந்த ஒரு படியைச் சமாளிக்கத்தான் அந்த 'இஃப்'.

நேரம் மிச்சமிருந்தால் இன்னொன்று கேட்பேன். இரண்டு பிள்ளைகள் உள்ள நோடை நீக்கும்போது, அடுத்த நோடை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறோமே, 1962-இல் ஹிப்பர்ட் எழுதிய முறை, அந்த அடுத்த நோடுக்கு இடது பிள்ளை இருக்குமா? இருக்க முடியாது. இருந்திருந்தால் அந்தப் பிள்ளைதான் அடுத்ததாக இருந்திருக்கும்.