எனக்கு வருது, உங்களுக்கு வரலையா?

வெப் ஹோஸ்டிங் சப்போர்ட்டில் இருப்பவன் ஒரு நாளில் அதிகம் கேட்கிற வாக்கியம் "சைட் டவுன் சார்" என்பதுதான். சர்வர் உண்மையிலேயே விழுந்துவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. மானிட்டரிங் கத்தும், போன் வருவதற்குள் ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார், எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லலாம். நம் தலையைத் தின்பது இன்னொரு வகை. சைட் எனக்குத் திறக்கும், அவருக்குத் திறக்காது. அதனால், "என்ன எரர் வருது?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, "யாருக்கெல்லாம் வருது, யாருக்கு வரல?" என்று கேட்க ஆரம்பித்தேன். வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

தினப்படி வரும் கேஸ் ஒன்று. திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி கூப்பிடுவார்.

"தம்பி, காலையிலிருந்து சைட்டும் ஓப்பன் ஆகல, மெயிலும் வரல. ஆபீஸ்ல யாருக்குமே வரலீங்க."

"வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, மொபைல் டேட்டாவுல ஒருக்கா போட்டுப் பாருங்கண்ணா."

"அட, இதுல வருதே!"

"நேத்து ஆபீஸ்ல யாராவது மெயில் பாஸ்வேர்டு மாத்துனீங்களாண்ணா?"

மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டரில் புது பாஸ்வேர்டு, அக்கவுண்டன்ட்டின் போனில் பழையது. அந்த போன் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பழைய பாஸ்வேர்டோடு மெயில் எடுக்கும் ஐமேப் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சர்வரில் இருக்கும் சிஎஸ்எஃப் என்ற ஃபயர்வாலுக்கு (வெளியாரைத் தடுக்கும் காவல் மென்பொருள்) அது அக்கவுண்டன்ட் என்று தெரியாது. யாரோ பாஸ்வேர்டை யூகித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அந்த ஐபியையே (இணையத்தில் அந்த இணைப்பின் முகவரி) தடுத்துவிடும். ஆபீஸ் முழுக்க வெளியே போவது ஒரே பொது ஐபியில் என்பதால், ஒருவரின் போனுக்கு மொத்தக் கம்பெனியும் மாட்டிக்கொள்ளும். தடையை எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த போனில் பாஸ்வேர்டை மாற்ற வைக்காமல் எடுத்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடியும் போன் வரும். மொபைல் நெட்வொர்க்குகளில் இது இன்னும் மோசம். அங்கே ஒரு பொது ஐபிக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரு ஆபீஸ் அளவு இல்லை, பெரிய கூட்டம்.

இந்த மாதிரி நேரத்தில் வாடிக்கையாளர்கள் டிரேஸ்ரூட் (சர்வர் வரை வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். நடுவில் ஒரு வரியில் பதில் இல்லை என்பதற்கு அடையாளமாக மூன்று நட்சத்திரம் இருக்கும், "இங்கதான் கட் ஆகுது" என்று சிவப்பில் வட்டம் போட்டிருக்கும். அனேகமாக அங்கே ஒன்றுமே கட் ஆகியிருக்காது. வழியில் உள்ள ரவுட்டர்கள் இந்தச் சோதனைக்கு ஐசிஎம்பியில் (நெட்வொர்க் கருவிகள் நிலவரம் சொல்லும் செய்திகள்) பதில் சொல்வதைக் குறைத்து வைத்திருக்கும், சில பதிலே சொல்லாது. பாக்கெட்டுகளை, அதாவது டேட்டா துண்டுகளை, அனுப்பிவைப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்யும். இதையே தொடர்ந்து அளக்கும் எம்டிஆரில் நடு ரவுட்டர் அறுபது சதவீத லாஸ் (பதில் வராத பங்கு) காட்டி, கடைசி வரி பூஜ்யம் காட்டினால் பாதையில் குறை இல்லை. லாஸ் ஒரு இடத்தில் தொடங்கி கடைசி வரை தொடர்ந்தால்தான் நான் டேட்டா சென்டருக்கு டிக்கெட் போடுவேன்.

சரி, என்னை நிஜமாக உட்கார வைத்த கேஸுக்கு வருகிறேன். 2018 வாக்கில், நாமக்கல் பக்கம் ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம். மாதிரித் தேர்வை எங்கள் சர்வரில் நடத்தினார்கள். பெரிய ஹாலில் மாணவர்கள் ஒரே வைஃபையில் உட்கார்ந்து போனில் தேர்வு எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவரில் ஒருவருக்குப் பக்கம் உடனே வரும், மற்றவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே கட்டடத்தில் இருந்த லேபில் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுகூடச் சிணுங்கவில்லை. ஃபயர்வால் தடை என்றால் எல்லோருக்கும் அடைபட்டிருக்க வேண்டும், எல்லோரும் ஒரே பொது ஐபிதானே. சர்வரில் லோடும் இல்லை, வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சி சும்மா உட்கார்ந்திருந்தது. வைஃபை ரவுட்டர்தான் பழுது என்று அவர்கள் புதிதாக ஒன்று வாங்கியும் மாட்டிவிட்டார்கள். மாற்றமில்லை. நிர்வாகி மேடம் பொறுமைசாலி. "சார், நான் கெடுத்தது ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

சர்வருக்கு வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, மையத்தின் ஐபியை மட்டும் வடிகட்டி, சைட் திறக்கும் 443 போர்ட்டைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட போனிலிருந்து சின் பாக்கெட், அதாவது இணைப்புக் கேட்கும் முதல் பாக்கெட், வருகிறது. சர்வர் பதில் சொல்லவில்லை. ஒரு நொடி கழித்து அதே சின், அப்புறம் இரண்டு நொடி விட்டு, அப்புறம் நான்கு நொடி விட்டு. சர்வர் கல் மாதிரி இருந்தது. அடுத்த வரியிலேயே இன்னொரு போனின் சின் வருகிறது, சர்வரின் பதிலான சின்-ஆக் உடனே போகிறது. ஒரே ஐபி, ஒரே போர்ட், ஒருவருக்குப் பதில் உண்டு, மற்றவருக்கு இல்லை. இரண்டு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது கண்ணில் பட்ட ஒரே வித்தியாசம், டிஎஸ் வேல் (அனுப்பும் கருவி போடும் டைம் ஸ்டாம்ப்) என்ற இடத்தில் இருந்த எண். பதில் கிடைத்த போனுக்குப் பெரிய எண், கிடைக்காத போனுக்குச் சின்ன எண். விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் சின்னில் அந்த இடமே இல்லை.

நெட்ஸ்டாட் கட்டளையில் மைனஸ் எஸ் போட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் எண்ணிக்கைகள் நீளமாகக் கொட்டும். அதில் டைம் ஸ்டாம்ப் காரணமாக நிராகரிக்கப்பட்ட இணைப்புகள் என்று ஒரு வரி உண்டு. "மேடம், அந்தப் பையனை ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்க" என்றேன். எண் ஏறியது. "இன்னொரு தடவை." மறுபடி ஏறியது. லாக் ஃபைலில் ஒரு எழுத்துகூட விழாமல் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

குற்றவாளி டிசிபி டைம்-வெயிட் ரீசைக்கிள் என்ற லினக்ஸ் அமைப்பு. ஒரு டிசிபி இணைப்பு (சைட் திறக்கும்போது போனுக்கும் சர்வருக்கும் இடையே உண்டாவது) முடிந்ததும், முதலில் மூடிய முனை அதை ஒரு நிமிடம் டைம்-வெயிட் நிலையில் வைத்திருக்கும். பிஸியான வெப் சர்வரில் இது ஆயிரக்கணக்கில் சேரும். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் பிடிக்கும் மெமரி மிகக் கொஞ்சம். இதை நோயென்று நினைத்தவர்கள் வேகமாகக் காலி செய்ய இந்த ரீசைக்கிளை ஆன் செய்தார்கள். ஆன் செய்தால் கெர்னல் ஒவ்வொரு ஐபியிலிருந்தும் கடைசியாக வந்த டைம் ஸ்டாம்பை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே ஐபியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அதைவிடச் சின்ன எண்ணோடு சின் வந்தால், பழைய பாக்கெட் என்று நினைத்துச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். ஒரு ஐபிக்கு ஒரு மெஷின் என்றால் அது சரியான கணக்கு. ஒரு ஹால் முழுக்க போன்கள் ஒரே ஐபியில் வந்தால், ஒவ்வொன்றின் கடிகாரமும் வேறு வேறு எண்ணில் ஓடும்.

அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு போன்களில் அந்த எண், போனை ஆன் செய்ததிலிருந்து ஏறிக்கொண்டு வருவது. ஆக, பல நாள் அணைக்காமல் வைத்திருக்கும் போன் ஜெயிக்கும், காலையில் ரீஸ்டார்ட் செய்த போன் தோற்கும். நாங்களோ, வராத பையன்களிடமெல்லாம் "போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா" என்று சொல்லச் சொல்லியிருந்தோம். சப்போர்ட் உலகின் சர்வரோக நிவாரணி, இங்கே நோயைக் கூட்டியது.

எனக்கு முன்னால் அந்த சர்வரைப் பார்த்தவர் ஏதோ டியூனிங் கட்டுரையிலிருந்து பத்துப் பதினைந்து வரிகளை அப்படியே கெர்னல் அமைப்புகளை எழுதிவைக்கும் சிஸ்கண்ட்ரோல் கான்ஃபிக்கில் ஒட்டியிருந்தார். அதில் இதுவும் ஒன்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்போது எங்கு தேடினாலும் அதே வரிகள்தான் கிடைக்கும். ரீசைக்கிளின் மதிப்பை 0 ஆக்கியதும் ஹாலில் இருந்த போன்கள் எல்லாம் திறந்தன. ரீபூட்டில் திரும்பி வராமல் இருக்க ஃபைலிலிருந்தும் வரியை எடுத்தேன். மொபைல் டேட்டாவிலிருந்து "சில நேரம் சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்று வந்த பழைய டிக்கெட்டுகள், நாங்கள் "உங்க நெட் ஸ்லோ" என்று மூடியவை, அவற்றில் எத்தனை இதனால் என்று இப்போது சொல்ல முடியாது.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. சர்வர் மாற்றும்போது டிஎன்எஸ்ஸில் (சைட் பெயருக்கு ஐபி எது என்று சொல்லும் பட்டியல்) பழைய வகை ஐபிவி4-க்கான ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, புது வகை ஐபிவி6-க்கான குவாட்-ஏ (AAAA) ரெக்கார்டை மறந்தால், ஐபிவி6-இல் போகும் மொபைலில் பழைய சைட்டும், ஐபிவி4 மட்டும் உள்ள வீட்டு பிராட்பேண்டில் புதிய சைட்டும் தெரியும். இன்னொன்று எம்டியூ, ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சில பிராட்பேண்டுகளில் இருக்கும் பிபிபிஓஇ வகை இணைப்பில் 1500 பைட்டுக்குப் பதில் 1492 தான் போகும். நடுவில் யாராவது பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால், "பாக்கெட்டைச் சின்னதாக்கு" என்ற தகவல் சர்வருக்கு வந்து சேராது. பிங் போகும், இணைப்பு உண்டாகும், பெரிய பக்கம் பாதியில் நின்றுவிடும். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் பிங் (தலைப்பின் 28 பைட் சேர்த்தால் 1500) அனுப்பி, அது தவறி, 1464 போனால் சந்தேகம் தீர்ந்தது.

அந்த ரீசைக்கிள் அமைப்பை லினக்ஸ் 4.12 கெர்னலில், 2017-இல், அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் சர்வர்களில் ஓடிய சென்டோஸ் 7 என்ற லினக்ஸின் கெர்னல் 3.10 என்பதால், 2024 ஜூனில் அதற்கு ஆதரவு முடியும்வரை எங்கள் பக்கம் அது உயிரோடுதான் இருந்தது. அந்த வருடம் மீதமிருந்த சர்வர்களை இன்னொரு லினக்ஸான அல்மாலினக்ஸுக்கு மாற்றினோம். அதில் ஒன்றில், பழைய கான்ஃபிக்கோடு அந்த வரியும் சேர்ந்து வந்துவிட்டது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சிஸ்கண்ட்ரோல் முணுமுணுத்தது. "அண்ணா, இந்த எரர் பரவாயில்லையா?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். வரியை அழிக்கச் சொன்னேன். பக்கத்தில் ஒட்டியிருந்த மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக, எதற்கென்று தெரிந்தால் மட்டும் வைக்கச் சொன்னேன். மூன்று வரிதான் மிஞ்சியது.