பெரும்பாக்கம் சதுப்பு: சேறு மூழ்கும்வரை

அக்டோபர் 4, காலை 6.10 – 8.30

சென்னையின் தெற்கே உள்ள சதுப்பு நிலம். காற்றில்லை. சாலையோரம் கணுக்கால் அளவே தண்ணீர். நடுவில் திட்டுத்திட்டாகச் சேறு. சேற்றில் இரை தேடும் நீர்க்கரைப் பறவையான உள்ளானைப் பார்க்க இதைவிட நல்ல வாரம் அமையாது. பருவமழை பிடித்துக்கொண்டால் இந்தச் சேறு போய்விடும். வாத்துகளை நவம்பரிலும் பார்க்கலாம். இப்போது கண் சேற்றிலேயே இருக்கட்டும்.

பவளக்கால் உள்ளான் 120, கொசு உள்ளான் சுமார் 40, பொறி உள்ளான் 34, சதுப்பு உள்ளான் 11, பச்சைக்காலி 3.

கடைசி இரண்டையும் உருவ அளவை வைத்துப் பிரிக்கப் போனால் தவறும். தனியாக நிற்கும் பறவையின் அளவு கண்ணை ஏமாற்றும். அலகு தையல் ஊசி போல நேராக, மெல்லியதாக இருந்தால் சதுப்பு உள்ளான். அடி தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால் பச்சைக்காலி.

அக்டோபர் 9, மாலை

கோரைக்கு மேல் ஆளுயரத்தில் நூற்றுக்கணக்கான மஞ்சள் தும்பிகள், உட்காராமல் பறக்கின்றன. பாண்டாலா என்னும் நாடோடித் தும்பி. இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை போகும் இனம். நாலு மழையில் தேங்கிய குட்டையே அதற்கு முட்டையிடப் போதும். தகைவிலான் குருவிகள் அவற்றின் பின்னால்.

அக்டோபர் 13

சதுப்பை ஒட்டிய குடியிருப்பில், கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவி ஒன்று. இரவில் வலசை போகும் பறவை, விளக்கொளியில் தடுமாறி இறங்கியிருக்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, மூடி இருட்டில் வைப்பது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பலர் பரிவோடு செய்யும் தவறு இது. நிமிர்ந்து நின்று சிறகடித்தால், கண்ணாடி இல்லாத புதர்ப் பக்கம் விடலாம். சிறகு தொங்கினால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 18, காலை 6.20 – 9.00

ஐப்பசி பிறந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். நீலச்சிறகி வாத்து முதல் எண்ணிக்கையில் 85, இரண்டாவதில் 62, மூன்றாவதில் 64. முதலாவது தப்பு: நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வர, எழுந்து இடம் மாறிய கூட்டத்தை மறுபடியும் எண்ணியாயிற்று. பருந்து போய்ப் பத்து நிமிடம் பொறுத்து, பத்துப் பத்தாக எண்ணினால் கணக்கு ஒத்துவரும்.

ஆண்கள் இன்னும் மங்கிய இறகு உடையில், பெட்டை போலவே. கிளுவை வாத்தின் பெட்டையோடு குழப்பம் வருவது இந்த மாதத்தில்தான். நீலச்சிறகிக்கு முகத்தில் இரட்டை வெளிர்க் கோடு, அலகடியில் வெளிர்ப் பொட்டு. கிளுவைக்கு வாலின் பக்கவாட்டில் ஒரு வெளிர்க் கீற்று. நீலச்சிறகி ஆணானால் பறக்கும்போது சிறகின் முன்பகுதி நீலச் சாம்பலாகத் தெரியும். உடை மங்கினாலும் அது மாறாது.

பருந்தால் ஒரு நன்மையும் உண்டு. கோரைக்குள்ளிருந்து கோணல்மாணலாக எழுந்த ஓர் உள்ளானுக்குச் சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு: விசிறிவால் உள்ளான். கூட எழுந்த மற்ற இரண்டில் அந்த விளிம்பு தெரியவில்லை. ஊசிவால் உள்ளானாக இருக்கலாம், ‘இனம் உறுதியில்லை’ என்றே பதிவு.

அக்டோபர் 22

இரவு முழுக்க மழை. சேறு எங்கும் இல்லை. கொசு உள்ளான் 0, சதுப்பு உள்ளான் 0. நீண்ட கால் இருப்பதால் பவளக்கால் உள்ளான் 30 ஓரத்தில் தங்கிவிட்டன. தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி 4, நீள வால் உதிர்ந்துவிட்டது. சாலையைக் கடந்த நீர்க்கோலிப் பாம்பு 2. ஒன்று வண்டிச் சக்கரத்தில்.

அக்டோபர் 27

நீலச்சிறகி 140, ஊசிவால் வாத்து 6, பருவத்தில் முதல் முறை. பொறி உள்ளான் 2, சாலை மேட்டுப் புல்லில். மற்ற உள்ளான்களைத் தேடுவோர், முட்டுக்காடு முகத்துவாரம் திறந்து தண்ணீர் வடிகிற நாளாகப் பார்த்துக் கேளம்பாக்கம் உப்பங்கழிக்குப் போகலாம்.