வே நதியில் ஒரு நாள்: மணிக்கு நான்கு மைல், அதற்கு மேல் வேண்டாம்

தென் இங்கிலாந்தின் வே நதியில் வாடகைப் படகு ஓட்டக் குடும்பமாக ஐந்து பேர் போனோம். காடல்மிங் ரயில் நிலைய வாசலில் நின்ற டாக்சிக்காரர் மீது இருக்கும் எரிச்சல் இன்னும் தணியவில்லை. இரண்டு கிலோமீட்டர் சொச்சம் தூரம். பதினெட்டு பவுண்டு வாங்கிவிட்டார். பைகள் அதிகமாம், ஆட்கள் அதிகமாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் டாக்சியைத் திரும்பியும் பார்க்க வேண்டாம். ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்து நடந்தால் அரை மணி நேரத்தில் படகு கிடைக்கும் கேட்ஸ்ஹால் லாக் வந்துவிடும். லாக் என்பது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவுள்ள தொட்டி. வழியில் தேவாலயத்தை ஒட்டி, 1912இல் டைட்டானிக் மூழ்கும்வரை ஆபத்துச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்த தந்தி இயக்குநர் ஜாக் பிலிப்ஸின் நினைவு மண்டபம் இருக்கிறது. அவர் பக்கத்து ஊரான ஃபார்ன்கம்மில் பிறந்தவர். அதைப் பார்க்காமல் டாக்சியில் உட்கார்ந்து போனதுதான் எனக்குப் பதினெட்டு பவுண்டைவிடப் பெரிய நஷ்டம்.

படகில் ஏறியதும் மனம் மாறிவிட்டது. நேரோபோட் என்பது இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அகலமுள்ள இரும்புப் படகு. உள்ளே மேஜை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. பின்பக்கம் நின்று சுக்கான் தண்டைப் பிடிக்க வேண்டும். தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகம் வலப்பக்கம் திரும்பும், அதுவும் நிதானமாக. உரிமம் எதுவும் கேட்கவில்லை. கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, லாக் மதகுகளைத் திறக்கும் கைப்பிடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேக வரம்பு மணிக்கு நான்கு மைல். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

இந்த ஆற்றில் படகு விடலாம் என்று முனைந்தவர் சர் ரிச்சர்ட் வெஸ்டன். ஹாலந்தில் பார்த்த லாக்குகளை இங்கே கொண்டுவந்தார். 1653இல், ஆறு தேம்ஸில் கலக்கும் வெய்பிரிட்ஜிலிருந்து கில்ஃபோர்டு வரை வழி திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். காடல்மிங் வரையிலான நீட்டிப்பு 1764இல் முடிந்தது. சில்வொர்த் ஆலைகளின் வெடிமருந்துகூட இந்த ஆற்றில்தான் போனது. ஒன்றோடொன்று இணைந்த பிரிட்டனின் நீர்வழிகளுக்குத் தென்கோடி முனை காடல்மிங். இங்கே படகின் கயிற்றை அவிழ்த்தால், தேம்ஸில் இறங்கி, கால்வாய் கால்வாயாக ஏறி வட இங்கிலாந்தின் லீட்ஸ் வரைக்கும் போகலாம். இதைக் கேட்டதிலிருந்து என் தங்கை கணவருக்கு நிலைகொள்ளவில்லை.

ஆனால் நாளின் உச்சம் அன்ஸ்டெட் லாக்தான். நாங்கள் ஆற்றின் போக்கில் இறங்குகிறோம். தொட்டி நிரம்பி இருக்கும்போது படகை உள்ளே விட்டு, இயந்திரத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் கயிறு சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இருக்கும் மேல்கதவை மூட, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய உத்திரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். பிறகு கீழ்க்கதவின் மதகைத் திறக்க வேண்டும். தங்கை மகள் கைப்பிடியைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினாள். கடகடவென்று இரும்புப் பற்கள் நகர, கதவுக்கு அப்பால் தண்ணீர் கொதித்துக் கிளம்பியது. பாசி படிந்த ஈரச் சுவர் எங்கள் இரு பக்கமும் மெல்ல உயர்ந்தது.

அங்கே நாய்க்குட்டியோடு நின்ற ஒரு பெரியவர், "அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதா, படகின் பின்பக்கம் அதற்கு முன்னால் இருக்கட்டும்" என்றார். மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்படி இருக்கிறது. நீர் இறங்கும்போது படகின் வால் அதில் சிக்கினால் முன்பக்கம் கவிழ்ந்து மூழ்கிவிடும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு. லாக்கில் இறங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அவர் கடைசிவரை நின்று, எங்களுக்காகக் கதவையும் தள்ளிவிட்டுத்தான் போனார்.

பிராட்ஃபோர்டு பாலம் மிகவும் தாழ்வு. தலையைக் குனிந்தே கடக்க வேண்டும். கூரைமேல் நாற்காலி, பை என்று எதுவும் இருக்கக் கூடாது.

ஷால்ஃபோர்டு புல்வெளி ஓரத்தில் படகைக் கட்டிச் சாப்பிட்டோம். தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய். எதிர்க்கரையில் மாடுகள் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. மோர் மிளகாயை நான் கடித்த வேளையில் நீலமாக ஒரு மீன்கொத்தி நீரை ஒட்டிப் பறந்தது. "அண்ணா, பார்த்தாயா!" என்று தங்கை கத்தினாள். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த உணவு இதுதான். மாலையில் ஒரு மதுக்கூடத்தில் ஒரு தட்டு மீன் வறுவலுக்குப் பத்தொன்பது பவுண்டு கொடுத்தோம், எண்ணெய் வாடை தாங்கவில்லை. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காடல்மிங் படகுத்துறை பக்கத்திலேயே சூப்பர்மார்க்கெட்டும் இருக்கிறது.

செயின்ட் கேத்தரின் குன்றில் பாழடைந்த பழைய சிற்றாலயம், அதன் அடியில் ஆற்றோரம் பொன்னிற மணல். அங்கே ஒரு மணி நேரம் கரைந்தது. கில்ஃபோர்டில் படகைத் திருப்பி அதே வழியாக வந்தோம்.

இப்போது காசு. வார நாளில் வாடகை, டீசல் உட்பட, இருநூற்று நாற்பது பவுண்டு. ஐந்து பேருக்குத் தலா நாற்பத்தெட்டு. முதலில் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் லண்டனில் வரிசையில் நின்று ராட்டினத்தில் அரை மணி நேரம் சுற்றக் கொடுக்கும் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள், இது முழு நாள். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து காடல்மிங்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம். நெரிசல் நேரம் முடிந்த பிறகு மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து டிக்கெட் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், வாடகையும் ஏறும், லாக்குகளில் காத்திருக்கவும் வேண்டும்.

அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு வாரம் எடுத்து வெய்பிரிட்ஜ் வழியாகத் தேம்ஸ் வரை போவதாகத் திட்டம். வாடகை விசாரித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.