ரோட்டுக்குப் போடும் தார்

பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு கச்சா எண்ணெயில் மிஞ்சும் அடிமண்டிதாங்க ரோட்டுத் தார். சாதாரண அழுத்தத்தில் காய்ச்சினால் முழுசாகப் பிரியாது, இன்னும் சூடேற்றினால் எண்ணெயே உடைந்துவிடும் என்பதால், காற்றை உறிஞ்சி அழுத்தம் குறைத்த கோபுரத்தில் மறுபடி காய்ச்சுகிறார்கள், அதிலும் ஆவியாகாமல் அடியில் தங்குவதுதான் இது. சூட்டோடு காற்று ஊதினால் இன்னும் கெட்டியாகும், மொட்டைமாடி ஒழுகலுக்குப் பூச அந்த வகை உதவும்.

ரோட்டுக்கு வருவது விஜி 30, விஜி 40 மாதிரி கிரேடுகள் (விஜி என்றால் விஸ்காசிட்டி கிரேடு, ஓடாமல் நிற்கும் கெட்டித்தன்மையின் அளவு). எண் கூடினால் 60 டிகிரி சூட்டில் அவ்வளவு சுலபமாக இளகாது. காங்கேயம் பக்கம் சித்திரை வெயிலில் தேங்காய் லாரி ஓடுகிற ரோட்டுக்கு அது முக்கியம். கலவையில் தார் எடைக்குச் சுமார் 5 சதவீதம்தான், மீதியெல்லாம் ஜல்லியும் கல்பொடியும். 150 டிகிரி வாக்கில் கலந்து, ஆறுவதற்குள் ரோலர் ஓட்டியாக வேண்டும். டிப்பர் டீக்கடையில் நின்றால் போச்சு!

அப்புறம் தண்ணீர். தார் அதில் கரையாது, ஆனால் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுவிடும். எங்கள் வீதியில் ஐப்பசி மழை முடிந்ததும் ஜல்லி தனியாக உருள்வது அதனால்தான். வடிகால் வெட்டச் சொன்னால் மேலேயே இன்னொரு அடுக்கு போடுகிறார்கள், இப்போது வாசலை விட ரோடு உசரம்.