ஊசல் பாடத்தில் சூத்திரம் கடைசியில் வரட்டும்

"ஊசல் வேகமாக ஆட என்ன செய்யலாம்?" பாடத்தின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு நூல், எடையாகக் கட்ட மூன்று வாஷர் (துளையுள்ள உலோக வட்டு), ஒரு ஸ்டாப்வாட்ச். கணிப்பை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு எல்லோரும் "அப்பவே நினைச்சேன்" என்பார்கள். ஒரே ஆட்டத்தை (ஒருமுறை போய்த் திரும்பி வருவதை) அளந்தால் கைப்பிழைதான் மிஞ்சும். 10 ஆட்டங்களை அளந்து வகுக்கட்டும். நீளம் 25 செ.மீ. என்றால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1 விநாடி, 100 செ.மீ. என்றால் 2 விநாடி வரும்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் எடை. வாஷர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டினால் ஊசலின் நீளமும் கூடிவிடும். "எடை கூடினால் மெதுவாகும்" என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். உடனே திருத்த வேண்டாம். "எதையெல்லாம் மாற்றினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள், மூன்றையும் ஒரே முடிச்சில் கோத்து மறுபடி அளக்க அதுவே போதும். ஒரு பீரியடில் முடியாது, இரண்டு ஒதுக்குங்கள்.